உப்புக் காற்றில் ஒரு பழைய 207

பழைய பிக்கப் வண்டி வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை மிதித்து, சைலன்சரில் வரும் புகையின் நிறத்தைப் பார்த்து விலை பேசுகிறார்கள். சேலத்திலோ கோயம்புத்தூரிலோ அது சரியான வரிசையாக இருக்கலாம். கடலூர், புதுச்சேரிக் கடலோரத்தில் ஓடிய வண்டிக்கு அது தலைகீழான வரிசை. இங்கே எஞ்சின் கடைசியாகத்தான் போகும். முதலில் போவது சேசிஸ் என்கிற அடிச்சட்டம், அடுத்து பிரேக் குழாய்கள், அதற்கும் அடுத்து எர்த் வயர்கள். ஆகவே இந்தப் பக்கத்தில் வண்டி பார்க்கப் போகிறவர் டார்ச் லைட்டும் சின்னச் சுத்தியலும் எடுத்துச் சென்று, ஒரு பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். பானெட்டைப் பிறகு திறந்துகொள்ளலாம்.

நான் பிழைப்புக்காக வண்டி ஓட்டுகிறவன் அல்லன். வார நாட்களில் புதுச்சேரியில் கணக்கு எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகள் அரியாங்குப்பத்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு டாடா 207 டி.ஐ. பிக்கப்புக்கு அடியில் கழிகின்றன. கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் மீன் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி அது. டாடாவின் பிக்கப் வரிசை 1988-இல் டாடாமொபைல் என்ற பெயரில் தொடங்கியது. சியரா, எஸ்டேட், சுமோ எல்லாம் அதன் வழியில் பின்னால் வந்தவை. அந்த வரிசையில் நான் 207 டி.ஐ.யைத் தேர்ந்தெடுத்ததற்கு எஞ்சின்தான் காரணம். சிலிண்டரின் விட்டம் 97 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 100 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டர்களையும் கூட்டினால் 2,956 சி.சி. வருகிறது. 1986-இல் வந்த 407 லாரியோடு நாடெங்கும் பரவிய 497 எஞ்சினின் குடும்பம் இது; நான்கு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் என்பதைத்தான் அந்த எண் குறிக்கிறது. இரண்டு வண்டிகளின் உதிரிகளும் முற்றிலும் ஒன்றல்ல என்றாலும், இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உள்ளூரில் கிடைக்காத பொருளுக்கு, பழைய உதிரிகள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. பொழுதுபோக்காகப் பழைய வண்டி வைத்திருக்க நினைப்பவர், அபூர்வமான வண்டியைத் தேடுவதைவிட ஊருக்கே தெரிந்த வண்டியைத் தேடுவது நல்லது என்பது என் கட்சி.

சுத்தியலுக்கு வருகிறேன். வண்டியை விலை பேசப் போனபோது, புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மூத்த மெக்கானிக்கைக் கூட அழைத்துச் சென்றிருந்தேன். அவர் சேசிஸின் நீளச் சட்டத்தை முன்னாலிருந்து பின்னால் வரை சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு ‘ணங்’ என்று ஒலித்தது. பின் ஸ்பிரிங் பட்டாக்களை, அதாவது அடுக்கி வைத்த வளைந்த எஃகுத் தகடுகளை, தாங்கும் பிராக்கெட்டுக்கு அருகில் வந்ததும் ஒலி ‘பொத்’தென்று அடங்கியது. “தம்பி, இந்த எடத்துல சத்தம் சரியில்ல. மேல பெயின்ட்டு இருக்கு, உள்ள பொடிதான் இருக்கும்” என்றார். ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்து அழுத்தியதும் கறுப்புப் பெயின்ட் விரிந்து, இலை இலையாகத் துரு உதிர்ந்தது. அதன்மேல் யாரோ ஒரு பட்டறையில் ஒரு சதுரத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். துருப்பிடித்த இரும்பின்மேல் வைத்த பற்று என்பதால் அதுவும் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. விலை அந்த இடத்தில்தான் இறங்கியது.

சேசிஸில் தகடு வைத்து ஒட்டுவது தவறில்லை. வைக்கும் முறைதான் முக்கியம். துரு முழுவதையும் வெட்டி எடுத்து நல்ல இரும்பு வரை போக வேண்டும். புதுத் தகட்டின் இரு முனைகளையும் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாகக் கூராக்கி வைத்தால், சட்டம் வளையும்போது விசை ஒரே கோட்டில் விழாமல் பரவும். செங்குத்தாக வெட்டிய தகட்டின் ஓரத்தில்தான் சட்டம் பின்னால் முறியும். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்கே வெல்டிங் ஓட்டக் கூடாது, ஏனென்றால் அதிகமான இழுவிசை விழுவது அங்கேதான். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் ராடைத் தொட விடாதீர்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போய்விடும்.

மீன் வண்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்பதற்கு வேதியியலில் தெளிவான விடை இருக்கிறது. சோற்றுப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கடலோரத்தில் இரவுக் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் 75-ஐத் தாண்டித்தான் நிற்கிறது. ஆகவே தகட்டின் குழிகளில் உப்பு தங்கிய வண்டி, மழை பெய்யாவிட்டாலும், கொட்டகைக்குள் நின்றாலும், இரவுதோறும் நனைந்துகொண்டுதான் இருக்கும். பனிக்கட்டி உருகிய உப்புத் தண்ணீர் தளத் தகட்டின் இடுக்குகள் வழியே சேசிஸில் பல ஆண்டுகள் ஒழுகிய வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வண்டியைத் தார்ப்பாய் போட்டுத் தரை வரை மூடி வைப்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த மூடலுக்குள் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபடுகிறது. கூரை இருந்து, பக்கங்கள் திறந்து, காற்று ஓடும் கொட்டகையே மேல்.

இதனால் துரு நீக்கும் வேலையின் வரிசையும் மாறுகிறது. பட்டறைகளில் வழக்கமாகக் கிரைண்டரில் வயர் கப் என்ற கம்பிப் பிரஷ்ஷை மாட்டிப் பளபளவென்று தேய்த்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமரை அடித்துவிடுவார்கள். கடலை விட்டுத் தள்ளி ஓடும் வண்டிக்கு அது தாங்கும். இங்கே தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், அதுவும் ஒரு முறை கழுவினால் போதாது. என் தெருவில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும் என்பதால், கழுவுவதற்கு மாடியிலிருந்து பிடித்து வைத்த மழைநீரைத்தான் பயன்படுத்துகிறேன். உப்பு போய்விட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தேய்த்துக் கழுவிய தகட்டை அப்படியே ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தகடு முழுக்க மெல்லிய செம்மஞ்சள் படிந்திருந்தால் அது சாதாரண ஈரத் துரு, கவலையில்லை. அங்கங்கே குழிகளில் மட்டும் கடுகளவு கரும்புள்ளிகள் வியர்த்தாற்போல் ஈரமாகத் தெரிந்தால், குழிக்குள் இன்னும் உப்பு இருக்கிறது என்று பொருள். கம்பிப் பிரஷ்ஷால் குடைந்து மறுபடி கழுவ வேண்டும். இந்தப் புள்ளிகளின்மேல் எவ்வளவு விலை உயர்ந்த எப்பாக்சி பிரைமரை அடித்தாலும் ஐப்பசி மழை முடிவதற்குள் கொப்புளம் கிளம்பிவிடும். பாஸ்பாரிக் அமிலக் கரைசலைத் துருவின்மேல் தடவுவதும் பயனுள்ளதே, ஆனால் அது உப்பை அகற்றாது. கழுவுவதற்கு அது மாற்று ஆகாது.

பெயின்ட் அடிக்க மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. அப்போதும் விடியற்காலையில் தொடங்கக் கூடாது. பனி படியும் வெப்பநிலையைவிடத் தகடு குறைந்தது 3 டிகிரி செல்சியஸாவது சூடாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் அடிப்பவர்களின் பொது விதி. தகட்டை வெயிலில் விட்டு, பதினொரு மணிக்கு மேல் ஆரம்பித்து, மாலைக் கடல் காற்று இறுகுவதற்குள் முடித்துவிடுவேன்.

பழைய எஞ்சின் ஆயிலைச் சேசிஸ் முழுக்கப் பூசும் வழக்கம் நம் பக்கத்தில் வேரூன்றிப்போயிருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. உள்கூடான இடங்களில் எண்ணெய்ப் படலம் துருவைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் இயற்கை ரப்பர் தாது எண்ணெயில் ஊறினால் உப்பிப் பிசுபிசுத்துப் போகும்; பட்டா புஷ், ஷாக் அப்சார்பர் புஷ், எஞ்சின் மவுண்டிங் ஆகிய ரப்பர் பாகங்கள் எல்லாம் அந்தப் பூச்சில் சேர்ந்தே நனைகின்றன. மிச்ச எண்ணெய் மழையில் வழிந்து மண்ணுக்குப் போகிறது. உள்பகுதிகளுக்கென்றே விற்கும் மெழுகுக் கலவையைக் குழாய் வைத்து அடிப்பது செலவுதான். ஆனாலும் அதையே செய்கிறேன்.

ஸ்பிரிங் பட்டாக்களைப் பிரிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு பட்டாக்களுக்கு நடுவில் அது வளர வளர, முனைகள் வாய் பிளந்து நிற்கும். வண்டி குதிக்கும்போது பட்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் இறுகிப்போய், கடைசியில் சென்டர் போல்ட் அறுபடும். போல்ட் அறுந்தால் அச்சு பின்னால் நகர்ந்து வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பட்டாக் கட்டைக் கழற்றியவுடன் சென்டர் போல்ட்டின் நட்டைத் திருகிவிடாதீர்கள். அடக்கி வைத்த பட்டாக்கள் துள்ளி எழும் வேகம் விரலை எடுத்துவிடும். இரண்டு பக்கமும் சி-கிளாம்ப் போட்டு இறுக்கி, பிறகு நட்டை எடுத்து, கிளாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு பட்டாவின் ஓரத்திலும் சாக்பீஸால் எண் போட்டு வைத்தால் வரிசை மாறாது. துருவைச் சுரண்டி, கழுவி, காயவைத்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, புது சென்டர் போல்ட் போட்டு அடுக்கலாம். யூ-போல்ட்டுகளை மட்டும் பழையதையே திரும்பப் போடாதீர்கள். ஒரு முறை இறுகி நீண்ட மரைகள் மறுபடி அதே இறுக்கத்தைத் தாங்குவதில்லை. மாட்டிய பிறகு பாரம் ஏற்றி ஓட்டிவிட்டு வந்து அவற்றை மீண்டும் ஒரு முறை முறுக்க வேண்டும். இதைப் பல பட்டறைகள் விட்டுவிடுகின்றன.

பிரேக் ஆயிலைப் பற்றி ஒன்று. அது ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 வகையின் கொதிநிலை, புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் 140 டிகிரி வரை இறங்கலாம் என்றே அதன் தரவிதி கணக்கிடுகிறது. கடலோரக் காற்றில் இந்த இறக்கம் விரைவாக நிகழ்கிறது. அதே ஈரம், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரின் உள்ளேயும் துருவை உண்டாக்குகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதுமாக மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம்.

ஹெட்லைட் மங்கினால், ஸ்டார்ட்டர் மோட்டார் முனகினால், பொருளை மாற்றுவதற்கு முன் பேட்டரியிலிருந்து சேசிஸுக்கும் சேசிஸிலிருந்து எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். பத்துக்கு எட்டு வண்டிகளில் அங்கே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் முடிந்தது.

எஞ்சினைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றக் கூடாது. உப்பும் சுண்ணாம்பும் படிந்து குழாய்கள் அடைபடும். டீசலில் காற்று புகுந்தால் ஃபில்டரின் மேல் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை காத்திருந்து இறுக்கினால் வண்டி எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் நேரத்துக்கு ஆயிலும் ஃபில்டரும்தான்.

வெள்ளம் மட்டும் வேறு கதை. 2015-ஆம் ஆண்டு கடலூர் மாவட்டம் மூழ்கியபோதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் தெருவில் நின்ற வண்டிகளில் பல, தண்ணீரால் கெட்டதைவிட, தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பியதால்தான் கெட்டன. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது அமுங்காது. பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராட் வளையும். முதலில் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பலர் மறப்பது பின் அச்சை. ஓடிச் சூடான அச்சுக் கூடு தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுக்கும். வடிகால் போல்ட்டைத் திறந்தால் பால் கலந்த டீயின் நிறத்தில் ஆயில் ஒழுகும். அதை அப்படியே விட்டு ஓட்டினால், சில மாதங்களில் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கரங்கள் ஊளையிடத் தொடங்கும்.

கடைசியாகக் காகித வேலை. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது. கடலூரில் பதிவான டி.என். 31 வண்டியைப் புதுச்சேரியில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், தடையின்மைச் சான்று வாங்கி பி.ஒய். எண்ணுக்கு மாற்ற வேண்டும். இருபது சொச்சம் கிலோமீட்டர்தானே என்ற சமாதானம் சட்டத்தின்முன் எடுபடாது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்பது ஓர் ஆறுதல். ஆனால் எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்றை ஆண்டுதோறும் எடுக்க வேண்டும், பொழுதுபோக்குக்கு வைத்திருந்தாலும் அதில் விலக்கு இல்லை. என் வண்டிக்கு அந்தத் தேதி சித்திரையில் வருவது வசதி. மாசி, பங்குனியில் அடிப்பகுதி வேலைகள் முடிந்துவிடும். இந்த முறை பின்பக்க இரண்டு வீல் சிலிண்டர்களுக்கும் ரப்பர் கிட் வாங்கி வைத்திருக்கிறேன். சிலிண்டர் சுவரில் குழி விழுந்திருந்தால் கிட் போடாமல் சிலிண்டரையே மாற்றிவிடுவதாக இருக்கிறேன்.