ஸ்டிரேஸின் ஆர்கிடெக்சர் கோடைப் பிரித்து அடுக்கப் போகிறீர்களா? நான் படித்த வரிசையும், படித்திருக்க வேண்டிய வரிசையும்

ஒரு செமஸ்டர் முழுக்க ஸ்டிரேஸ் கோடோடுதான் உட்கார்ந்திருந்தேன். ப்ராஜெக்டாக எடுத்த வேலை இதுதான்: பழைய பதிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரே ஃபைலுக்குள் குவிந்து கிடக்கும் ஆர்கிடெக்சர் (ப்ராசஸர் வகை) சார்ந்த பகுதிகளைத் தனித்தனி ஃபைல்களாகப் பிரிக்க வேண்டும், பிரித்த பிறகு அது அச்சிடுவதில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. கடைசியில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. இதே மாதிரி வேலையில் இறங்க நினைக்கிறவர்கள் நான் வீணாக்கிய வாரங்களை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஸ்டிரேஸ் என்ன செய்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ராசஸ் சிஸ்டம் கால் போடும்போதெல்லாம், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும்போதெல்லாம், பிட்ரேஸ் என்ற கெர்னல் வசதி வழியாக அதை நிறுத்தி, ரெஜிஸ்டர்களை (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பு இடங்களை) படித்து, என்ன கேட்டது, கெர்னல் என்ன பதில் சொன்னது என்று நாம் படிக்கிற மாதிரி எழுதிக் காட்டும். 1991-இல் பால் கிரானன்பர்க் இதை சன்ஓஎஸ்ஸுக்காக எழுதினார். பிறகு லினக்ஸுக்கு வந்தது, லினக்ஸ் எந்தெந்த ப்ராசஸருக்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் இதுவும் கூடவே போனது. ஒவ்வொரு முறையும் ஓர் இஃப்டெஃப் (இந்த ஆர்கிடெக்சர் என்றால் மட்டும் இந்த வரிகளைக் கம்பைல் செய் என்ற நிபந்தனை, எண்டிஃபில் முடியும்) கூடியது. பழைய சிஸ்கால் டாட் சி ஃபைலில் சிஸ்டம் கால் எண்ணை எடுக்கிற ஃபங்ஷனைத் திறந்தால் எஸ்390, பவர்பிசி, எக்ஸ்86, ஆர்ம், மிப்ஸ், ஆல்ஃபா, ஸ்பார்க் என்று ஒரே ஃபங்ஷனுக்குள் கிளைகள் போய்க்கொண்டே இருக்கும், எந்த எண்டிஃப் எந்த இஃப்டெஃபுக்கு என்று விரல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நான் செய்த முதல் தவறு, அந்த ஃபைலைத் திறந்த அன்றே வெட்டி ஒட்ட ஆரம்பித்தது. அப்படிச் செய்யாதீர்கள். முதலில் ஸ்டிரேஸை மூடி வைத்துவிட்டு, உங்கள் கணினி எந்த ஆர்கிடெக்சரோ அதில் அசெம்ப்ளியில் பத்து வரி எழுதுங்கள், சி லைப்ரரி இல்லாமல் நேரடியாக ஒரு ரைட் (எழுதும் சிஸ்டம் கால்), ஓர் எக்சிட் (ப்ரோகிராமை முடிக்கும் சிஸ்டம் கால்). அப்புறம் பிட்ரேஸை வைத்து அதை நிறுத்தி ரெஜிஸ்டர்களை அச்சிடுகிற ஒரு குட்டி ப்ரோகிராமையும் நீங்களே எழுதுங்கள். எனக்கு அதில்தான் கண் திறந்தது. எக்ஸ்86-64-இல் சிஸ்டம் கால் எண் ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் போகும் என்று படித்திருந்தேன், ரைட்டுக்கு எண் 1, சரி, ஆனால் நுழைவில் நிறுத்திப் பார்த்தால் ஆர்ஏஎக்ஸில் 18446744073709551578 இருந்தது. அரை நாள் குழம்பினேன். அது -38. சிஸ்டம் காலைச் செயல்படுத்தும் முன்பே கெர்னல் அங்கே "இப்படி ஒரு கால் இல்லை" என்ற பிழை எண்ணை வைத்துவிடுகிறது, நாம் அனுப்பிய எண் ஒரிஜ் ஆர்ஏஎக்ஸ் என்ற தனி இடத்தில் இருக்கிறது. நான்காவது ஆர்க்யுமெண்ட் ஏன் ஆர்சிஎக்ஸில் இல்லாமல் ஆர்10-இல் போகிறது என்பதும் அன்றுதான் புரிந்தது: சிஸ்கால் என்ற இன்ஸ்ட்ரக்ஷனே ஆர்சிஎக்ஸில் திரும்பி வர வேண்டிய முகவரியை எழுதிவிடுகிறது, அதனால் அதில் வேறு எதையும் அனுப்ப முடியாது. இந்த மாதிரி "ஏன்" தெரியாமல் ஒரு வரியை நகர்த்தினால், நகர்த்தும்போதே அதைச் "சுத்தம்" செய்யக் கை போகும். அங்கேதான் உடையும்.

இரண்டாவதாகப் படிக்க எதை எடுப்பது என்பது முக்கியம். நான் எக்ஸ்86-க்கு அப்புறம் ஆர்ச்64, அதற்கப்புறம் ரிஸ்க்-வி என்று போனேன். ஆர்ச்64-இல் எண் எக்ஸ்8-இல், ஆர்க்யுமெண்டுகள் எக்ஸ்0 முதல் எக்ஸ்5 வரை. ரிஸ்க்-வியில் எண் ஏ7-இல், ஆர்க்யுமெண்டுகள் ஏ0 முதல் ஏ5 வரை. ரெஜிஸ்டர் பெயரை மட்டும் மாற்றினால் போதும் போல இருக்கும், மூன்றும் ஒரே அச்சு. அதனால் "எல்லாமே இப்படித்தான்" என்ற தப்பான நம்பிக்கை வந்துவிட்டது. பிழையைக் கண்டுபிடிக்கிற பகுதியில் கை வைத்தபோது, திரும்பிய மதிப்பு -1 முதல் -4095 வரை இருந்தால் பிழை, இல்லையென்றால் வெற்றி என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஃபங்ஷன் எழுதி, பழைய கிளைகளை எல்லாம் அழித்தேன். நூறு வரிக்கு மேல் குறைந்தது, அவ்வளவு சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்து மிப்ஸ் எமுலேட்டரில் ஓட்டினேன். இல்லாத ஒரு ஃபைலைத் திறக்கச் சொன்னேன். ஸ்டிரேஸ் காட்டிய வரியின் கடைசியில் "= 2" என்று இருந்தது. ஃபைல் திறந்தாயிற்று, டிஸ்க்ரிப்டர் (திறந்த ஃபைலுக்குக் கெர்னல் தரும் எண்) 2 கிடைத்தது என்று அர்த்தம். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது, அதுதான் பயங்கரம். உண்மையில் மிப்ஸில் பிழை எண் நெகட்டிவாக வருவதில்லை: வி0-இல் நேராக 2, அதாவது "அப்படி ஒரு ஃபைல் இல்லை", அது பிழையா இல்லையா என்பதை ஏ3 என்ற வேறொரு ரெஜிஸ்டர் சொல்லும். பவர்பிசியில் அதையே கண்டிஷன் ரெஜிஸ்டரில் ஒரு பிட் சொல்கிறது, ஸ்பார்க்கில் கேரி பிட். பிழை எண்களே ஆர்கிடெக்சருக்கு ஆர்கிடெக்சர் மாறும். மேலே சொன்ன 38 மிப்ஸில் 89. நான் அழித்த நூறு வரிகளில் ஒன்றுகூட வீண் வரி இல்லை.

ஆகவே என் யோசனை: முதலில் உங்கள் சொந்தக் கணினி, இரண்டாவது மிப்ஸ். சுலபமானவை எல்லாம் அதற்குப் பிறகு.

அதன் பிறகுதான் எதை எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. ஆர்கிடெக்சருக்கு ஒரு பெரிய ஃபைல் போட்டு அதில் எல்லாவற்றையும் கொட்டுவது என்றுதான் நான் முதலில் திட்டம் போட்டிருந்தேன். இன்றைய ஸ்டிரேஸில் லினக்ஸ் என்ற டைரக்டரிக்குள் போய்ப் பாருங்கள், ஆர்கிடெக்சருக்கு ஒரு டைரக்டரி, அதற்குள் சின்னச் சின்ன ஃபைல்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: எண் என்ன, ஆர்க்யுமெண்டுகள் என்ன, தோற்றதா ஜெயித்ததா. எண் என்ன என்ற கேள்வி ஒரு ரெஜிஸ்டரின் பெயரோடு முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பழைய ஆர்ம் ஏபிஐயில் (ப்ரோகிராமும் கெர்னலும் எதை எங்கே வைத்துப் பேசுவது என்ற ஒப்பந்தம்) எண் இன்ஸ்ட்ரக்ஷனுக்குள்ளேயே பொதிந்திருக்கும், ப்ராசஸின் மெமரியிலிருந்து அந்த இன்ஸ்ட்ரக்ஷனைப் படித்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் "எந்த ரெஜிஸ்டர்" என்று ஒரு மேக்ரோ வைத்தால் ஆர்மில் உடையும். "எண்ணை எடுத்துக்கொடு" என்று ஒரு ஃபங்ஷன் வைத்தால் தாங்கும். கேள்வி ஒன்று, பதில் சொல்லும் விதம் அவரவர் பாடு. பதில் ஒன்றாகவே இருந்தால் ஃபைலை நகல் எடுக்கவும் வேண்டாம். எக்ஸ்32-இன் (64 பிட் எக்ஸ்86-இல் 32 பிட் பாயிண்டர்களோடு ஓடும் ஏபிஐ) ஃபைலில் எக்ஸ்86-64-இன் ஃபைலை இன்க்ளூட் செய்கிற ஒரு வரி மட்டும் இருப்பதைப் பார்க்கலாம்.

பொதுவாக்கலாம் என்று ஆசை காட்டி ஏமாற்றுகிற இன்னொரு இடம், 32 பிட் ப்ராசஸரில் 64 பிட் ஆர்க்யுமெண்ட். ஃபைலின் குறிப்பிட்ட இடத்திலிருந்து படிக்கிற பிரீட்64 என்ற சிஸ்டம் காலை எடுத்துக்கொள்ளுங்கள்: டிஸ்க்ரிப்டர், பஃபர், எத்தனை பைட், எந்த இடத்திலிருந்து. கடைசியது 64 பிட், இரண்டு ரெஜிஸ்டர் வேண்டும். 32 பிட் எக்ஸ்86-இல் நான்காவதும் ஐந்தாவதும் அது. ஆர்மில் இப்படி ஜோடியாக வருவது இரட்டைப்படை எண்ணுள்ள ரெஜிஸ்டரில்தான் தொடங்க வேண்டும், அதனால் ஆர்3 காலியாக விடப்பட்டு, ஆர்4, ஆர்5 இரண்டிலும் அது போகும். எக்ஸ்86 கோடை அப்படியே ஆர்முக்கும் வைத்தால், ஆர்3-இல் கிடக்கும் குப்பை கீழ்ப்பாதியாகவும், உண்மையான கீழ்ப்பாதி மேல்பாதியாகவும் ஆகிவிடும்: 4096 என்று வர வேண்டிய இடத்தில் 17592186044416, அதோடு குப்பையும் கூடி நிற்கும். பிக் எண்டியன் (பெரிய பகுதியை முதலில் வைக்கும் முறை) என்றால் பாதிகளின் வரிசையும் தலைகீழ். மிப்ஸின் 32 பிட் ஏபிஐயான ஓ32-இல் ஐந்தாவது, ஆறாவது ஆர்க்யுமெண்டுகள் ரெஜிஸ்டரிலேயே இல்லை, ஸ்டாக்கில் இருக்கின்றன. இதை ஒரு தாளில் ஒவ்வொரு ஆர்கிடெக்சருக்கும் கட்டம் போட்டு வரைந்து பாருங்கள். நான் வரைந்த அந்தத் தாள்தான் வைவா வரை கூட வந்தது.

வேலை செய்யும் முறையில் ஒரே ஒரு விதியைப் பிடிவாதமாக வைத்துக்கொள்ளுங்கள்: நகர்த்துவது ஒரு கமிட் (கிட்டில் ஒரே தொகுப்பாகச் சேமிக்கும் மாற்றம்), மாற்றுவது வேறு கமிட். நகர்த்தும் கமிட்டில் ஒரு காலி இடத்தைக்கூடத் திருத்தாதீர்கள். கிட் டிஃபில் கலர் மூவ்ட் ஆப்ஷன் போட்டால் வெறுமனே இடம் மாறிய வரிகள் தனி நிறத்தில் தெரியும், அந்த நிறத்தில் வராத வரி ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் காரணம் இருக்க வேண்டும். இன்னொரு சோதனை எனக்கு ரொம்ப உதவியது: பிரித்த ஃபைல்களை சிஸ்கால் டாட் சி-க்குள் இன்க்ளூட் செய்கிற முறையில் வைத்தால், நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் வருகிற மெஷின் கோடு ஒன்றாகவே இருக்க வேண்டும். டீபக் தகவல் இல்லாமல் இரண்டையும் கம்பைல் செய்து, மெஷின் கோடை அசெம்ப்ளியாகக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் பிரித்து, டிஃப் போடுங்கள். இதற்கு க்ராஸ் கம்பைலர் (வேறொரு ஆர்கிடெக்சருக்கான கோடை உருவாக்கும் கம்பைலர்) மட்டும் போதும், அந்த மெஷின் தேவையில்லை.

ஓட்டிப் பார்க்க கியூஎமு என்ற எமுலேட்டர். ஆனால் ஒரு ப்ரோகிராமை மட்டும் ஓட்டும் அதன் யூசர் மோடில் பிட்ரேஸ் வேலை செய்யாது, முழு சிஸ்டம் எமுலேஷன்தான் வேண்டும். இது தெரியாமல் இரண்டு நாள் போயிற்று.

வைவாவில் கேட்டதில் இரண்டு கேள்விகளைச் சொல்கிறேன். ஏன் ஃபங்ஷன் பாயிண்டர் டேபிள் வைத்து, எந்த ஆர்கிடெக்சரின் ஃபங்ஷன் என்று ஓடும்போது தேர்ந்தெடுக்கவில்லை? ஏனென்றால் பிட்ரேஸ் தான் ஓடுகிற அதே மெஷினில்தான் வேலை செய்கிறது. எக்ஸ்86-இல் கம்பைல் செய்யும்போது மிப்ஸின் ரெஜிஸ்டர் ஸ்ட்ரக்ட் ஹெடரிலேயே கிடைக்காது. ஒரே மெஷினில் 32 பிட்டும் 64 பிட்டும் ஓடுவதை மட்டும்தான் ஓடும்போது பிரித்தறிய வேண்டும்.

அடுத்த கேள்வி அதிலிருந்தே வந்தது: சரி, எப்படிப் பிரித்தறிவாய்? கெர்னல் திருப்பித் தரும் ரெஜிஸ்டர் தொகுப்பின் அளவை வைத்து என்றேன், எக்ஸ்86-இல் 68 பைட் என்றால் 32 பிட், 216 என்றால் 64 பிட். அப்படியானால் ஒரு 64 பிட் ப்ரோகிராம் ஹெக்ஸ் 80 இன்டரப்ட் வழியாக எண் 1-ஐ அனுப்பினால்? தொகுப்பு 216 பைட்டாகவே வரும், ஸ்டிரேஸ் ரைட் என்று எழுதும், கெர்னலோ 32 பிட் சிஸ்டம் கால் டேபிளைப் பார்த்து எக்சிட் செய்துவிடும். ரெஜிஸ்டரை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 2019-இல் லினக்ஸ் 5.3-இல், எந்த ஏபிஐ, எந்த எண், என்ன ஆர்க்யுமெண்டுகள் என்று கெர்னலே சொல்லும் பிட்ரேஸ் கோரிக்கை ஒன்று வந்த பிறகுதான் இது தீர்ந்தது. அப்படியென்றால் நீ பிரித்த ஃபைல்கள் எல்லாம் எதற்கு என்று கேட்டார் தேர்வாளர். பழைய கெர்னல்களுக்கு அவைதான் வேண்டும், சிஸ்டம் கால் எண்ணை மாற்றி எழுத அந்தக் கோரிக்கை உதவாது, லினக்ஸ் 6.16-க்கு முந்தைய கெர்னல்களில் பெரும்பாலும் ரெஜிஸ்டரில்தான் எழுத வேண்டும் என்றேன். உடனே, எங்கே எழுதுவாய், மிப்ஸுக்குச் சொல் என்றார். கட்டம் போட்ட தாளை எடுத்து வைத்தேன்.