படித்துக் காட்டுங்கள், அப்புறம் கையெழுத்து போடுகிறோம்

ஆகஸ்ட் 15 காலை எட்டரை மணிக்கே எங்கள் மேல்தெருப் பெண்கள் பதினெட்டு பேர் ஒரு பிக்கப் வண்டியில் நின்றுகொண்டு கிராம சபைக்குப் போனோம். தலைக்கு முப்பது ரூபாய். தூறல் விடவே இல்லை, மூட்டம் இறங்கி எதிரில் வருகிற வண்டிகூடத் தெரியவில்லை, அப்படியும் ஒருத்தரும் பின்வாங்கவில்லை. இது மூன்றாவது முறை. ஜனவரி 26-ல் சொன்னோம், மே 1-ல் மறுபடியும் சொன்னோம், இரண்டு தடவையும் "பார்த்துச் செய்யறோம்மா" என்ற பதிலோடு ஏற்காட்டு மலையில் ஏறி இறங்கி வீடு வந்து சேர்ந்ததுதான் மிச்சம்.

விஷயம் தண்ணீர்தான். எங்கள் ஊர்க் கிணறு பள்ளத்தில் இருக்கிறது. மோட்டார் போட்டு மேட்டில் இருக்கிற தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து கீழ்த்தெருவுக்கு ஒரு லைன், மேல்தெருவுக்கு ஒரு லைன். போன வருஷக் கடைசியில் சில்வர் ஓக் மரம் ஏற்றி வந்த லாரி, ரோட்டைக் கடக்கிற இடத்தில் எங்கள் லைனை நசுக்கிவிட்டது. அன்றிலிருந்து மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிரம்புகிறது, கீழ்த்தெருவில் தண்ணீர் வருகிறது, எங்கள் 34 வீட்டு வாசலிலும் ஜல் ஜீவன் திட்டத்தில் வைத்த குழாய் மட்டும் காய்ந்து நிற்கிறது. அந்தத் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். எங்கள் வீட்டில் ஐந்து பேர், ஆக 275 லிட்டர், பதினைந்து லிட்டர் குடத்தில் பதினெட்டு நடை. பள்ளத்துக்கு இறங்கி இடுப்பில் குடத்தோடு ஏறி வரவேண்டும். அந்தி சாய்ந்துவிட்டால் காபித் தோட்டத்து ஓரமாகக் காட்டெருமை வந்து நிற்கும், அங்கே ஒரே ஒரு தெருவிளக்கு, அதுவும் எரிவதில்லை. ஜூலையில் எங்கள் சின்ன அத்தை அதைப் பார்த்துப் பயந்து குடத்தைப் போட்டுவிட்டு ஓடி விழுந்தவர், இன்னும் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

இதற்கெல்லாம் முன்பு யாரிடம் போவோம் என்றால், எங்கள் வார்டு மெம்பர் மூன்றாவது வீடு. "அக்கா, லைட் எரியல" என்று வாசலில் நின்று சொன்னால் போதும், அவரும் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறவர்தானே. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் தலைவரும் இல்லை, மெம்பரும் இல்லை, அவர்களுக்குப் பதிலாக ஒன்றியத்து பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். மலையில் இருக்கிற 9 ஊராட்சிகளையும் அவர் ஒருத்தரே பார்க்க வேண்டும். ஆகவே நாங்கள் வாய் திறந்து பேசக்கூடிய இடம் என்று மிஞ்சியிருப்பது கிராம சபை மட்டும்தான்.

எங்கள் சனத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நாங்கள் மலையாளி என்கிற பழங்குடி, கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசுகிற சேர்வராயன் மலைக்காரர்கள். ஜார்கண்ட், ஒடிசா மாதிரி மாநிலங்களில் பழங்குடி ஊர்கள் பலவற்றை அரசியல் சட்டத்தில் பழங்குடிப் பகுதிகளுக்கான ஐந்தாவது அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள், அங்கெல்லாம் 1996-ல் வந்த பெசா என்கிற பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டத்தால் ஒரு சின்ன ஊர்கூடத் தனக்கென்று ஒரு சபை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அந்த அட்டவணையில் ஒரு பகுதியும் இல்லை, அதனால் அந்தச் சட்டமும் இங்கே இல்லை. கோயில் முன்னால் எங்கள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் உட்கார்ந்து திருவிழாவும் கல்யாணமும் சண்டையும் பேசித் தீர்ப்பது இன்றைக்கும் உண்டு, ஆனால் குழாய் மாற்றுகிற பணம் அங்கே கிடையாது, அது ஊராட்சியில் இருக்கிறது.

சரி, இரண்டு தடவை பேசியும் ஏன் நடக்கவில்லை? ஜூன் மாதம் ஊராட்சி அலுவலகத்துக்கே போய் நேராகக் கேட்டேன். செயலர் தம்பி தீர்மானப் புத்தகத்தை எடுத்து மே 1 பக்கத்தைத் திருப்பினார். வரவு செலவு ஒப்புதல், நூறு நாள் வேலைப் பட்டியல், டெங்கு தடுப்பு எல்லாம் வரிசையாக இருந்தன. "அக்கா, உங்க தண்ணி விஷயம் தீர்மானத்துல இல்லையே" என்றார். கீழே பெயர் பெயராகக் கையெழுத்து, அதில் என் கையெழுத்தும் இருந்தது. அன்றைக்கு உள்ளே நுழையும்போதே "இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டு உட்காருங்க" என்று நீட்டியதும் நாங்கள் எல்லோரும் வரிசையாகப் போட்டது ஞாபகம் வந்தது. தீர்மானத்தை அதற்கப்புறம் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பத்து வருஷமாக எங்கள் மகளிர் குழுவுக்கு நான் ஊக்குநர். ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுப்பதாக இருந்தாலும் நோட்டில் எழுதி, சத்தமாகப் படித்து, பன்னிரண்டு பேரும் கேட்ட பிறகுதான் கையெழுத்து. படிக்கத் தெரியாத எங்கள் அத்தை கைநாட்டு வைக்குமுன் "என்ன எழுதுன, இன்னொருக்கா படி" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். எங்கள் ஐயாயிரத்துக்கு இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருக்கிற நாங்கள், ஊருக்கு வருகிற லட்சங்களுக்கு வெறும் தாளில் கையெழுத்து போட்டிருக்கிறோம்.

இதை எழுதுவதே அதற்காகத்தான். பேசினால் போதாது, தீர்மானத்தில் ஏற வேண்டும். குடிநீர், தெருவிளக்கு, சாலை, சாக்கடை, சுடுகாடு இதெல்லாம் ஊராட்சி செய்தே தீர வேண்டிய வேலை, 1994-ஆம் வருஷத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 110-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. பணமும் உண்டு. 15-ஆவது மத்திய நிதிக்குழு 2021-லிருந்து 2026 மார்ச் வரைக்கும் ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும், வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அதிலிருந்து நம் தெருவுக்கு ஒரு ரூபாய் வரவேண்டுமென்றால் அந்த வேலை ஊராட்சியின் வருடத் திட்டத்தில் இருக்க வேண்டும், அந்தத் திட்டத்துக்குக் கிராம சபைதான் ஒப்புதல் தர வேண்டும்.

ஆகஸ்ட் 15-க்கு வருகிறேன். மனுவை இரண்டு பிரதி எழுதினோம், ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டோம். வழக்கம்போல் புத்தகத்தை நீட்டினார்கள். "படித்துக் காட்டுங்க தம்பி, அப்புறம் போடறோம்" என்றேன். அவர் சங்கடப்பட்டார். "அக்கா, 200 பேர் கையெழுத்து வேணும், கடைசில கேட்டா பாதிப் பேர் போயிருப்பாங்க." அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மக்கள்தொகை 3001-லிருந்து 10,000 வரை இருக்கிற ஊராட்சிக்குக் குறைந்தது 200 பேர் வர வேண்டும் என்பது விதி. மலையில் ஒரு குக்கிராமத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஐந்தாறு கிலோமீட்டர் தோட்டமும் ஓடையும், மழை நாள் வேறு. வரி, தண்ணீர், வேலை அட்டை, கணக்கு என்று எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் சுமக்கிறார் அவர், அவரைத் திட்டுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. "நாங்க பதினெட்டு பேரும் கடைசி வரைக்கும் இருப்போம், மத்தவங்களையும் போகவிடாம பார்த்துக்கறோம்" என்று சொன்னோம், சொன்னபடியே இரண்டு பேர் வாசலில் நின்றார்கள்.

வரவு செலவு வாசிக்கவே அரை மணி நேரம் ஆனது. அப்புறம் வேறொரு குக்கிராமத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் எழுந்தார். அவர்கள் சுடுகாட்டுக்குப் போகிற பாதை ஒரு எஸ்டேட் வழியாகப் போகிறது, கேட்டைப் பூட்டிவிட்டால் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும், போன மழையில் அவருடைய அண்ணனை அப்படித்தான் தூக்கிப் போனார்களாம். கால் வழுக்கியதையும் பாடை சாய்ந்ததையும் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறாராம். "ஐயா சொன்னதையும் எழுதுங்க" என்று முதலில் சத்தம் போட்டது எங்கள் அத்தைதான்.

எங்கள் முறை வந்தபோது "குடிநீர்ப் பிரச்சினையைச் சரிசெய்யக் கோரப்பட்டது" என்று ஒரே வரி எழுதினார்கள். எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்த இடத்தில் உடைப்பு என்று ஒன்றும் இல்லை. இப்படி எழுதினால் அடுத்த வருஷமும் இதே வரிதான் இருக்கும். விடவில்லை. மேல்தெரு 34 வீடுகள், ரோட்டைக் கடக்கும் இடத்தில் உடைந்த 40 மீட்டர் குழாய், ஜிஐ இரும்புப் பைப்பாக மாற்றி ரோட்டுக்கு அடியில் புதைக்க வேண்டும், நிதிக்குழு மானியத்தில் குடிநீர்ப் பங்கிலிருந்து என்று நாங்கள் சொல்லச் சொல்ல அந்தத் தம்பி அடித்துத் திருத்தி எழுதினார். கிணற்றடித் தெருவிளக்கு தனித் தீர்மானம். படித்துக் காட்டினார், எல்லோரும் சரி என்றார்கள். அப்புறம் கையெழுத்து. 200-க்கு மேலேயே வந்தது.

மூன்று வாரத்தில் ஓவர்சியர் டேப்போடு வந்து அளந்தார். செப்டம்பர் கடைசியில் டெம்போவில் பைப் வந்து இறங்கியது, அக்டோபர் முதல் வாரம் ஒரு சாயங்காலம் எங்கள் வாசல் குழாய் முதலில் காற்றாக ஊதி, செம்மண் கலங்கலாகத் துப்பி, அப்புறம் தெளிந்து வந்தது. அத்தை குடம் வைக்காமல் சும்மா கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். தெருவிளக்கு இன்னும் வரவில்லை. சுடுகாட்டுப் பாதையில் எஸ்டேட் நிலம் இருப்பதால் தீர்மானத்தைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், அது சீக்கிரம் முடிகிற காரியமாகத் தெரியவில்லை.

முன்பு வருஷத்துக்கு நான்கு கிராம சபைதான், 2022-லிருந்து மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு. இந்த நவம்பர் 1 கூட்டத்தை அந்தப் பெரியவரின் ஊரிலேயே நடத்தக் கேட்டிருக்கிறோம், சரி என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு அது பதினொரு கிலோமீட்டர், காபிப் பழம் பறிக்கத் தொடங்குகிற நேரம், ஒரு நாள் கூலி போகும். வண்டி வாடகையைக் குழு இருப்பிலிருந்து எடுப்பது என்று போன ஞாயிற்றுக்கிழமை பேசி, நோட்டில் எழுதி, அத்தைக்காக இரண்டு தடவை படித்தேன், பன்னிரண்டு பேரும் கையெழுத்து போட்டுவிட்டார்கள்.