பவர் ஸ்டியரிங்கும் ஏசில் டி-யும்

கார் எலக்ட்ரானிக்ஸ் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரநிலையைப் படிப்பது வேறு, அதை வைத்து, ஓட்டுநர் திருப்பும்போது மோட்டார் கைகொடுக்கும் ஒரு எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கை முடித்துக் கொடுப்பது வேறு. 2018 பதிப்பில் 12 பாகங்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் தொடங்குவோம் என்றால் வேலை நகராது. நாங்கள் மூன்றாம் பாகத்தில், அபாய ஆய்வில் இறங்கிவிட்டோம்.

ஒவ்வொரு அபாயத்துக்கும் மூன்று மதிப்பெண்: பாதிப்பு எவ்வளவு கடுமை (எஸ்), அந்தச் சூழல் எவ்வளவு அடிக்கடி வரும் (ஈ), ஓட்டுநரால் சமாளிக்க முடியுமா (சி). முதல் அபாயத்தில் விவாதமே இல்லை. ஓட்டுநர் திருப்பாமலேயே மோட்டார் சக்கரத்தைத் திருப்பினால் உயிர் போகலாம்: எஸ்3. நெடுஞ்சாலையில் வேகமாகப் போவது அன்றாடம் நடப்பது: ஈ4. தடுத்துப் பிடிப்பது கடினம்: சி3. இந்த மதிப்பெண்களிலிருந்துதான் ஏ முதல் டி வரையான ஏசில் என்ற பாதுகாப்புப் படி வரும். மூன்றும் உச்சத்தில் இருந்தால் ஏசில் டி, அதற்கு மேல் படி கிடையாது.

சண்டை வந்தது அடுத்ததில்தான். மோட்டாரின் உதவி திடீரென்று நின்றுபோனால்? "ஸ்டியரிங் கனமாகும், அவ்வளவுதானே சார்" என்றார் மெக்கானிக்கல் குழுவில் ஒருவர். "வளைவில் பாதி திரும்பும்போது நின்றால்? உங்க அம்மா ஓட்டினா?" என்று கேட்டார் டெஸ்ட் டிரைவர். மதிப்பெண் ஏறியது. கோளாறு வந்தால் மோட்டாரை அணைப்பதுதான் எங்கள் பாதுகாப்பு நிலை. அணைப்பதே ஆபத்து என்றால் சந்தேகம் வந்தபோதெல்லாம் அணைக்க முடியாதே! கடைசியில் இரண்டாகப் பிரித்தோம். மோட்டார் தவறான பக்கம் திருப்பினால் 20 மில்லி விநாடிக்குள் துண்டிப்பு. மற்றக் கோளாறுகளுக்கு உதவியைப் படிப்படியாகக் குறைப்பது.

அப்புறம் டார்க் சென்சார், அதாவது ஓட்டுநர் ஸ்டியரிங்கை எவ்வளவு விசையோடு திருப்புகிறார் என்று அளப்பது. ஏசில் டி தேவை ஒன்றை இரண்டு ஏசில் பி தேவைகளாகப் பிரிக்கத் தரநிலை அனுமதிக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று காட்ட வேண்டும். எங்கள் கைக்கு வந்த சர்க்யூட்டில் சென்சாருக்கு இரண்டு சேனல் இருந்தன, இரண்டுக்கும் மின்சாரம் ஒரே 5 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்து. அது சரிந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும், ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் நம்பிவிடும். தனி சப்ளை, தனி கிரவுண்ட் என்று மாற்றியதில் கனெக்டரில் பின்களின் எண்ணிக்கை கூடியது. கொள்முதல் பிரிவுக்கு எங்கள் மேல் நல்ல கோபம்.

ஹார்டுவேர் கணக்கு அலுப்பான வேலை, ஆனால் சச்சரவு இல்லை. ஒற்றைக் கோளாறுகளில் 99 சதவீதம், மறைந்திருக்கும் கோளாறுகளில் 90 சதவீதம் கவனிக்கப்பட வேண்டும். ஆபத்தில் முடியும் கோளாறுகள் 100 கோடி மணி நேரத்துக்கு 10-க்கும் கீழே. பொறுமை இருந்தால் முடிந்துவிடும்.

தணிக்கைக்கு வந்தவர் அந்த எக்செல் தாள்களைப் புரட்டக்கூட இல்லை. "சப்ளையை வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தீர்களா? பதிவு எங்கே?" என்றார். அலைவரைவியில் (ஆசிலோஸ்கோப்) எடுத்த படம் இருந்தது, காட்டினோம். புதிதாகத் தொடங்குபவர்கள் கனெக்டரின் பின் எண்ணிக்கை முடிவாவதற்கு முன்பே சார்புக் கோளாறு ஆய்வை, அதாவது ஒரே காரணத்தால் இரண்டும் சேர்ந்து கெடுமா என்று பார்ப்பதை, முடித்துவிடுங்கள். கனெக்டருக்கு அச்சு வெட்டிய பிறகு ஒரு பின் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.