மாவோ கொடுத்த மாம்பழம்

சீனக் கலாச்சாரப் புரட்சின்னு பேச்சு வந்தாலே செங்காவலர்கள்னு பேர் வச்சுக்கிட்ட மாணவர் கூட்டம், கையில மாவோவோட மேற்கோள்கள் இருக்கற சின்ன சிவப்பு புக், வாத்தியார் தலையில காகிதக் குல்லாவ மாட்டி ஊர்வலம் விட்டது, இதத்தான் எல்லாரும் சொல்வாங்க. எனக்கு என்னமோ அதுல மாம்பழம் வர்ற கட்டத்தப் படிச்சப்பதான் 1966லேர்ந்து 1976 வரைக்கும் அந்த பத்து வருஷம் எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சமாவது உறைச்சுது.

முன்கதைய வேகமா சொல்லிடறேன். 1958ல மாவோ ஆரம்பிச்ச மாபெரும் பாய்ச்சல்ங்கற அதிவேக பொருளாதாரத் திட்டம் பஞ்சத்துல போய் முடிஞ்சு கோடிக்கணக்குல ஜனங்க செத்தப்புறம் கம்யூனிஸ்ட் கட்சிக்குள்ள மாவோவோட பிடி தளர்ந்துபோச்சு, நிர்வாகம் நாட்டோட அதிபரா இருந்த லியூ ஷாவோச்சி மாதிரி ஆளுங்க கைக்குப் போயிருச்சு. 1966ல மாவோ கட்சிக்காரங்கள நம்பாம நேரா ஸ்கூல் காலேஜ் பசங்களக் கூப்பிட்டாரு. பழைய சிந்தனை, பழைய கலாச்சாரம், பழைய வழக்கம், பழைய பழக்கம் நாலையும் ஒழிங்கன்னாங்க, பசங்க கிளம்பிட்டாங்க. பெய்ஜிங்ல மட்டும் பாதுகாக்கப்பட்ட 6,843 பழைய இடங்கள்ல 4,922 நாசம். கன்பூசியஸ் ஊரான சூஃபூவுக்கே போய் கல்லறையத் தோண்டுனாங்க. அடி வாங்கியே செத்த வாத்தியாருங்களும் இருக்காங்க.

சரி, உடைக்க வேண்டியத உடைச்சாச்சு, அப்புறம் என்ன பண்றது? பசங்க ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சு ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்க ஆரம்பிச்சாங்க, ரெண்டு கோஷ்டியும் நாங்கதான் மாவோவோட உண்மையான விசுவாசின்னு சொல்லிக்கிட்டேதான் அடிச்சுக்கிட்டாங்க. பெய்ஜிங்ல இருக்கற சிங்ஹுவா யூனிவர்சிட்டில நிலைமை முத்திப்போய் 1968 ஜூலை 27 அன்னிக்கு சுமார் 30,000 தொழிலாளிங்கள உள்ள அனுப்புனாங்க, கையில ஆயுதம் கிடையாது, சிவப்பு புக் மட்டும்தான். பசங்க ஈட்டியும் கையெறி குண்டுமா நின்னாங்க. அஞ்சு தொழிலாளிங்க செத்தாங்க, நூத்துக்கணக்குல காயம். மறுநாள் விடியறதுக்குள்ளயே மாவோ மாணவர் தலைவர்கள வரச்சொல்லி திட்டி அனுப்புனாரு.

அடுத்த வாரம் பாகிஸ்தான் வெளியுறவு மந்திரி வந்தாரு, கூட ஒரு பெட்டி மாம்பழம், சுமார் 40 இருக்கும். மாவோ அத சாப்பிடல. ஆகஸ்ட் 5 அன்னிக்கு அப்படியே சிங்ஹுவால இருந்த தொழிலாளிங்களுக்கு அனுப்பி வச்சுட்டாரு.

வடசீனால நிறைய பேர் மாம்பழத்தக் கண்ணாலயே பாத்ததில்ல. ராத்திரி பூரா அதத் தொட்டுத் தொட்டுப் பாத்து மோந்து பாத்துட்டு இருந்தாங்களாம். அப்புறம் ஒவ்வொரு ஃபேக்டரிக்கும் ஒரு பழம்னு பிரிச்சுக் குடுத்தாங்க. சில இடத்துல கெடாம இருக்க ஃபார்மலின்ங்கற ரசாயனத்துல போட்டாங்க, ஒரு துணி மில்லுல மேல மெழுகப் பூசி மேடைல வச்சாங்க, தொழிலாளிங்க வரிசையா வந்து வணங்கிட்டுப் போனாங்க. கொஞ்ச நாள்ல பழம் அழுக ஆரம்பிச்சதும் தோல உரிச்சுப் பெரிய பாத்திரத்துல தண்ணி ஊத்திக் கொதிக்க வச்சு ஆளுக்கு ஒரு ஸ்பூன் தீர்த்தம் மாதிரி குடுத்துட்டாங்க. அப்புறம் மெழுகு மாம்பழம் செஞ்சு கண்ணாடிப் பெட்டில போட்டு ஊர் ஊரா அனுப்புனாங்க. அக்டோபர் 1 பரேட்ல மாம்பழ அலங்கார வண்டியே வந்துச்சு, மாம்பழம் போட்ட தட்டு, போர்வை, சிகரெட்னு எல்லாம் வந்துச்சு. இந்தக் கூத்த மாவோகிட்ட சொன்னப்ப சிரிச்சாராம், அவரோட டாக்டரே பின்னாடி எழுதியிருக்காரு.

சிச்சுவான்ல ஒரு சின்ன ஊர்ல பல் டாக்டர் ஒருத்தர் ஊர்வலத்துல வந்த மாம்பழத்தப் பாத்து இது என்ன சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாராம். அவ்ளோதான், மரண தண்டனை.

இதப் படிச்சுட்டு என்ன முட்டாள் ஜனங்கன்னு சிரிக்கறவங்க கூட எனக்கு ஒத்துவரல. கோயில இடிச்சாங்க, வீட்டுல இருந்த மூதாதையர் பலகைகள எரிச்சாங்க, கும்பிடற பழக்கத்த என்ன பண்ணுவாங்க? அதுக்கு மேல, அந்த மாம்பழம் ஒரு சிக்னல், பசங்க காலம் முடிஞ்சுது இனி தொழிலாளிங்க கை ஓங்கப் போகுதுன்னு. ரெண்டு வருஷமா தெருச்சண்டைல தவிச்ச ஜனத்துக்கு அது நெஜமாவே நிம்மதியாத்தான் இருந்திருக்கும். அதே சமயம் பக்கத்துல நிக்கறவன் குனியறப்ப நீங்க நிமிந்து நின்னா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். எவன் பக்தில குனிஞ்சான் எவன் பயத்துல குனிஞ்சான்னு இப்ப யாரு பிரிச்சுச் சொல்றது? குனிஞ்சவனுக்கே தெரிஞ்சிருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

பசங்க கதை டிசம்பர்ல முடிஞ்சுது. கிராமத்துக்குப் போய் விவசாயிங்ககிட்ட பாடம் கத்துக்குங்கன்னு மாவோ சொல்லிட்டாரு, வருஷக்கணக்குல ஒரு கோடிக்கும் மேல நகரத்துப் புள்ளைங்க மூட்டையக் கட்டுனாங்க. 1966ல நின்ன காலேஜ் நுழைவுத் தேர்வு திரும்ப நடந்தது 1977 டிசம்பர்லதான். அதுக்குள்ள நிறைய பேருக்கு கல்யாணமாகி குழந்தையே பிறந்துருச்சு.

மாம்பழ மோகம் ஒண்ணரை வருஷம் கூட தாங்கல, கரண்ட் போனா அந்த மெழுகு மாம்பழத்தயே மெழுகுவத்தியா ஏத்துனாங்கன்னு சொல்றாங்க. 1974ல பிலிப்பைன்ஸ் அதிபரோட சம்சாரம் இமெல்டா மார்கோஸ் அவங்க ஊர் மாம்பழம் கொண்டு வந்தப்ப மாவோ சம்சாரம் ஜியாங் சிங் அதயும் தொழிலாளிங்களுக்கு அனுப்பி பழைய மாயத்தத் திரும்பப் பண்ணப் பாத்தாங்க. இந்த தடவ எடுபடல. ரெண்டு வருஷத்துல மாவோவும் போயிட்டாரு, ஒரு மாசத்துக்குள்ள அந்தம்மாவையே புடிச்சு உள்ள வச்சுட்டாங்க.