டிரம்ஹெல்லர் மண்ணும் 75 டாலர் கோபமும்

கனடாவின் கால்கரியில் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தபோது, உள்ளே மண் ஒட்டியிருக்கிறது என்று சொல்லி 75 டாலர் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் தம்பிக்கும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகிற பணம். டைனோசர் எலும்புகளுக்குப் பேர்போன டிரம்ஹெல்லர் ஊருக்குப் போகிறவர்கள் காருக்குள் பழைய பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள், மாற்றுச் செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கால்கரியிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். வழியெல்லாம் கோதுமை, மஞ்சளாய்ப் பூத்த கனோலா என்ற எண்ணெய்வித்துச் செடி. ஊருக்குச் சற்று முன்னால் ஹார்ஸ்ஷூ கேன்யன் என்ற பள்ளத்தில் நிறுத்தினோம். வயல் ஓரத்தில் தரை அப்படியே அறுந்து கீழே இறங்குகிறது. பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று வரி வரியாக மண். கறுப்பு வரி நிலக்கரி. முதல் நாள் மழை பெய்திருந்ததால் பத்தடி இறங்குவதற்குள் ஷூவில் ஒரு கிலோ மண் அப்பிக்கொண்டது. "அண்ணா, என் தோளைப் பிடிச்சுக்கோ" என்று தம்பி முன்னால் நின்றுகொண்டான்.

எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான பென்டோனைட் களிமண் இது. தண்ணீர் பட்டால் உப்பிச் சோப்பு மாதிரி வழுக்கும். காய்ந்தால் பொரிப் பொரியாக வெடித்து உதிரும். மழைக்கு மழை சரிவு இப்படிக் கரைவதால்தான் ஏழு கோடி ஆண்டுப் பழைய எலும்புகள் வெளியே தலைகாட்டுகின்றன. 1884இல் நிலவளம் ஆராய வந்த ஜோசப் டைரல் கண்ணில் அல்பர்டோசாரஸ் என்ற டைனோசரின் மண்டை ஓடு பட்டதும் இந்த வட்டாரத்தில்தான்.

ஊருக்குள் 26 மீட்டர் உயர டைனோசர் பொம்மை ஒன்று உண்டு. 106 படி ஏறினால் அதன் வாயில் நிற்கலாம். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டால் போதும். அந்தக் காசில் சஸ்கட்டூன் பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை (pie) சாப்பிடுங்கள்! கருநீலச் சாறு தட்டெல்லாம் வழிய, புளிப்பும் இனிப்புமாக அப்படி ஒரு ருசி. ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டோம்.

ஆனால் அந்த ஜோசப் டைரல் பெயரில் இருக்கும் டைனோசர் அருங்காட்சியகத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. கால் மணி நேரம் ஒரே கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டேன். உள்ளே இருப்பது போரியலோபெல்டா என்ற கவச டைனோசர். 2011இல் வடக்கே எண்ணெய் மணல் சுரங்கத்தில் மண் வெட்டும் இயந்திரத்தில் தட்டுப்பட்டது. வெறும் எலும்புக்கூடு இல்லை, கவசச் செதில், தோல், கழுத்தின் வளைவு எல்லாம் அப்படியே இருக்கின்றன. கண் மூடிப் படுத்திருக்கிற விலங்குதான் அது, 11 கோடி ஆண்டுகளாக. தூக்கும்போது பாறை உடைந்துபோக, மார்க் மிட்செல் என்ற தொழில்நுட்பர் 7,000 மணி நேரம் உட்கார்ந்து கல்லை அணு அணுவாக நீக்கியிருக்கிறார். இனப்பெயரிலேயே அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். ரொம்பச் சரி.

அப்புறம், திரும்பும் வழியில் மறுபடி அதே பள்ளத்தில் இறங்கினோம். தம்பி காலடியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு கிடந்தது. உடைந்த முனையில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னத் துளைகள். எலும்பு! இந்த ஊர் இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் புதைபடிவம் அரசுக்குச் சொந்தம் என்று அருங்காட்சியகத்தில் படித்திருந்தோம். படம் எடுத்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே அதே பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டு வந்தான்.