மடுவுக்கு நடந்த வழியில்

மடு மாதா ஆலயத்தின் ஆவணித் திருவிழாவுக்கு வவுனியாவிலிருந்து நடந்து போகிற ஒரு குழுவோடு இம்முறை நானும் சேர்ந்துகொண்டேன். நெளுக்குளம், பூவரசங்குளம் தாண்டிப் பறயனாலங்குளம் வரை நல்ல வெயில். வழியில் குளங்கள் வற்றிக் கிடந்தன. செபமாலை சொல்வதும் பாடுவதும் நிழல் கண்ட இடத்தில் இருப்பதுமாகப் போனோம்.

குழுவில் உதைபந்தாட்டப் பெடியள் சிலர் இருந்தார்கள். செபமாலை முடிந்தால் அவர்களின் கதை முழுக்கப் பந்துதான். அதில் ஒருவன் தன் ஊர்க் கழகம் எங்கே விளையாடினாலும் சைக்கிளில் போய்விடுவானாம். அந்தக் கழகமோ பெரும்பாலும் தோற்கிற கழகம். “தோக்கிற ரீமுக்கு ஏன் தம்பி இவ்வளவு கத்துறீர்?” என்று கேட்டேன்.

“எங்கட ரீம் அண்ணா. வெண்டால்தான் எங்கட எண்டு இருக்கோ?”

அந்தப் பதிலோடுதான் மிச்ச வழி நடந்தேன். என்னிடம் மாதாவுக்குச் சொல்ல நீண்ட மன்றாட்டு இருந்தது: அம்மாவின் முழங்கால், தம்பியின் விசா, இன்னும் பல. கேட்பதில் பிழையில்லை. கானாவூர்க் கலியாண வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது என்று மகனிடம் சொன்னதே மாதாதானே. ஆனால் கேட்டது கிடைக்காத வருடங்களில் என் பக்தி தளர்ந்து போயிருக்கிறது. அந்தப் பெடியனுக்கு அவன் கழகம் எதையும் கொடுப்பதில்லை. அவன் அதன் பக்கம் நிற்கிறான், அவ்வளவுதான். கடவுளின் பக்கம் அப்படி நிற்கத் தெரிந்தவர்கள் எங்களில் எத்தனை பேர்?

மடுவின் வரலாறே அப்படி நின்றவர்களின் வரலாறுதான். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை வந்தது, குருக்கள் துரத்தப்பட்டார்கள். மதம் மாறினால் பதவியும் கிடைக்கும், நிம்மதியும் கிடைக்கும். அந்தக் காலத்தில், 1670இல், மன்னாருக்குப் பக்கத்து மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு இந்தக் காட்டுக்குள் வந்ததாகச் சொல்வார்கள். யானையும் பாம்பும் காய்ச்சலும் உள்ள காடு. 1687இல் கோவாவிலிருந்து வந்த குருவான புனித யோசப் வாஸ் வேடமிட்டு யாழ்ப்பாணம் வந்து இறங்கும் வரை பூசை வைக்கக் குருக்கள் இல்லை. எந்தக் கணக்கிலும் அவர்கள் தோற்ற அணி. ஆனாலும் செபத்தை விடவில்லை.

எங்கள் காலத்துப் போரிலும் அதுதான் நடந்தது. 1999 கார்த்திகையில், தஞ்சம் புகுந்திருந்த சனம் ஆலய வளாகத்திலேயே எறிகணையில் செத்தது. 2008இல் சொரூபத்தை மறுபடி தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போக வேண்டி வந்தது. இன்று கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிற பலர் அந்த நாட்களைக் கண்டவர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் அவர்களில் உண்டு. அவர்கள் ஏன் இன்னும் வருகிறார்கள் என்பதற்கு, அந்தப் பெடியன் சொன்னதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

கொரிந்தியருக்கு எழுதும்போது புனித பவுலும் விளையாட்டை உவமையாக எடுத்தார். அவர்களின் ஊருக்குப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெரிய போட்டிகள் நடந்தன. வென்றவனுக்கு வாடிப்போகும் இலைமுடி. அதற்கே வீரர்கள் உடலை ஒறுத்துப் பயிற்சி செய்கிறார்கள், நாங்களோ வாடாத முடிக்காக ஓடுகிறோம் என்றார். ஓடுகிறவனைப் பற்றி அவர் சொன்னது சரி. வெளியில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவனிடமும் படிக்க இருக்கிறது என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

வெஸ்பர் என்கிற மாலைச் செப வழிபாடு முடிந்து கூடாரத்துக்கு வந்த பிறகு, மாந்தைக் கதையைப் பெடியளுக்குச் சொன்னேன். “சாமியார் இல்லாமல் அவ்வளவு வருசம் இருந்தவையோ?” என்று கேட்டான் அந்தக் கழகத்துப் பெடியன். ஓம் என்றேன். அப்புறம் எல்லாரும் போனில் வரைபடத்தை விரித்து, மாந்தையிலிருந்து மடுவுக்கு எந்த வழியால் வந்திருப்பார்கள் என்று வாதாடத் தொடங்கினார்கள். அடுத்த ஆவணிக்கு அங்கேயிருந்து நடப்பதென்று முடிவாகியிருக்கிறது. தண்ணீர் வண்டி ஒழுங்கு செய்வது என் பொறுப்பு.