அரோசா கழிமுகத்தில் அரை நாள்: சிப்பியும் அல்பரீன்யோவும்

ஸ்பெயின் என்றதும் சுட்டெரிக்கும் வெயிலும் காய்ந்த மேட்டு நிலமும் நினைவுக்கு வருபவர்களுக்கு, அதன் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியா வேறொரு நாடாகத்தான் தெரியும். அங்கே மழைக்குக் குறைவே இல்லை. வீடு, வேலி, தேவாலயம், தானியக் குதிர் என்று எதை எடுத்தாலும் கருங்கல்லில்தான் கட்டியிருக்கிறார்கள். பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் அட்லாண்டிக் கடல் ஏறி வந்ததால் உண்டான நீண்ட கழிமுகங்கள் அந்தக் கரையெங்கும் இருக்கின்றன. தெற்குப் பகுதியில் உள்ளவற்றை ரீயாஸ் பைஷாஸ் என்கிறார்கள். அவற்றில் மிகப் பெரியது அரோசா. அதன் தென்கரையில் உள்ள ஓ குரோவே, காம்பாடோஸ் என்ற இரண்டு ஊர்களையும் இணைத்து, காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடியும் சுற்றுலா ஒன்றுக்குப் போய் வந்தேன்; அல்பரீன்யோ என்ற வெள்ளை ஒயினும் கடலுணவும்தான் அதன் சாரம்.

ஒயினையும் கடலுணவையும் சேர்த்துப் பரிமாறும் சுற்றுலாக்கள் உலகின் பல கடற்கரைகளில் உண்டு. பெரும்பாலான இடங்களில் ஒயின் ஓரிடத்திலிருந்தும் மீன் வேறோரிடத்திலிருந்தும் வந்து பயணிகளுக்காக ஒரே மேசையில் கூடுகின்றன. அரோசாவில் இரண்டுக்கும் பிறப்பிடம் ஒன்றே. ஒரே கருங்கல் மண், ஒரே மழை, ஒரே கடற்காற்று, பல வீடுகளில் ஒரே குடும்பத்தின் உழைப்பு. எங்கள் வழிகாட்டியின் வீட்டிலும் தந்தை சிப்பி மிதவைக்குப் போகிறவர். வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறு துண்டு நிலத்துத் திராட்சையைக் குடும்பமே கூடி அறுவடை செய்து, பக்கத்து ஒயின் கூடத்துக்கு விற்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் அந்த அரை நாள் வெறும் விருந்தாக முடிந்துவிடாது.

சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவிலிருந்து வேனில் தெற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகிறது. ஓ குரோவே ஒரு காலத்தில் தீவாக இருந்த நிலம்; கடலும் காற்றும் சேர்த்த மணல்மேடு அதைத் தரையோடு இணைத்திருக்கிறது. லான்சாதா என்ற நீண்ட கடற்கரை அந்த மணல்மேட்டின் வெளிப்பக்கம். துறைமுகத்தில் அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

படகு கிளம்பிச் சில நிமிடங்களிலேயே கடலின் மேல் வரிசை வரிசையாக மரச் சட்டங்கள் தெரியத் தொடங்குகின்றன. பாத்தேயா எனப்படும் சிப்பி வளர்ப்பு மிதவைகள் அவை. யூகலிப்டஸ் மரங்களைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, அடியில் மிதப்பான்களைப் பொருத்தி, சங்கிலியால் கடலடியில் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு மிதவையின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மிகக் கூடாது, அதிலிருந்து தொங்கும் கயிறுகள் 500ஐத் தாண்டக் கூடாது, ஒரு கயிற்றின் நீளம் 12 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கலீசியா முழுவதிலும் ஏறக்குறைய 3,300 மிதவைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இந்த ஒரே கழிமுகத்தில்தான். நல்ல ஆண்டுகளில் கலீசியா முழுவதிலும் எடுக்கும் சிப்பி இரண்டு லட்சம் டன்னைத் தாண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பாறைகளில் முங்கி எடுக்கும் கல்லுமக்காய்க்கு இது நெருங்கிய உறவு. ஓடு மட்டும் கருநீலமாக இருக்கும்.

ஒரு மிதவையை ஒட்டிப் படகை நிறுத்தி, கயிறொன்றை மேலே இழுத்துக் காட்டினார்கள். கை நுழைய இடமில்லாதபடி சிப்பிகள் அப்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்கிடையே பாசியும், பொடி நண்டுகளும், குழாய்ப் புழுக்களும் குடியிருந்தன. இந்தக் கயிற்றின் கதை கரையிலிருக்கும் பாறையில் தொடங்குகிறது. அலை மோதும் பாறைகளில் ஒட்டியிருக்கும் பொடிச் சிப்பிக் குஞ்சுகளைச் சுரண்டி எடுத்து வந்து, கயிற்றைச் சுற்றி மெல்லிய வலையால் பொதிகிறார்கள். சில நாட்களில் வலை கரைந்துவிடும். அதற்குள் குஞ்சுகள் தம் நார்களால் கயிற்றைப் பற்றிக்கொண்டுவிடும். நான்கைந்து மாதம் கழித்துப் பளு கூடி, அடியில் இருப்பவை இரையின்றித் தேங்கும்போது, கயிற்றை ஏற்றிச் சிப்பிகளை உதிர்த்து, இடம்விட்டுப் புதிய கயிறுகளில் மறுபடி கட்டுகிறார்கள். பாரம் கூடியவை சறுக்கி விழாமல் இருக்கக் கயிற்றில் இடைவெளிவிட்டுக் குறுக்குக் குச்சிகள் செருகப்பட்டிருக்கும். முழு வளர்ச்சிக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். இத்தனைக்கும் ஒரு பிடி தீவனம்கூடப் போடுவதில்லை. கடல் கொண்டு வருவதைத்தான் சிப்பி வடிகட்டித் தின்கிறது.

கடல் அப்படி என்ன கொண்டு வருகிறது என்பதுதான் இந்தக் கரையின் பெருமை. கோடையில் வடக்கிலிருந்து காற்று அடிக்கும்போது மேல்மட்ட நீர் கரையைவிட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலேறிக் கழிமுகங்களுக்குள் புகுகிறது. அதில் நுண்ணுயிர்ப் பாசிகள் பெருகுகின்றன. சிப்பிக்கு அதுவே சாப்பாடு. ஆகஸ்டில்கூட இந்தக் கடலில் காலை வைத்தால் சிலிர்க்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள், தட்டில் வரும் சிப்பியின் சதைப்பற்றுக்கும் அந்தக் குளிர்தான் காரணம் என்பதை நினைத்துக்கொள்ளலாம். இதே நீரோட்டம் தளரும் நாட்களில், முக்கியமாக இலையுதிர் காலத்தில், நச்சுப் பாசிகள் பெருகுவதும் உண்டு. வில்லகார்சியா தே அரோசாவில் இருக்கும் அரசு ஆய்வு மையம் தொடர்ந்து மாதிரிகளைச் சோதித்து, நச்சு கண்ட பகுதிகளில் அறுவடையை நிறுத்திவைக்கிறது. மிதவைக்காரர்களுக்கு அது வருமானம் நின்றுபோகும் காலம். ஆனாலும் அந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் நாம் நம்பிச் சாப்பிட முடிகிறது.

2002 நவம்பரில் பிரெஸ்டீஜ் என்ற எண்ணெய்க் கப்பல் கலீசியக் கரைக்கு அப்பால் உடைந்து மூழ்கியது. கெட்டியான கரிய எண்ணெய் அரோசாவின் வாயை நெருங்கியபோது, உதவி வரட்டும் என்று காத்திராமல் மீனவர்களும் சிப்பி வளர்ப்பவர்களும் தங்கள் படகுகளிலேயே கிளம்பிப் போய், வாளி, வலை, வெறுங்கை என்று கிடைத்ததைக் கொண்டு அதை அள்ளினார்கள். கழிமுகத்தின் உள்பகுதி பிழைத்ததற்கு அவர்களுடைய அந்த உழைப்பு முக்கியமான காரணம். வழிகாட்டி இதைச் சொல்லும்போது படகில் தட்டுகள் வந்துகொண்டிருந்ததால் பலர் கவனிக்கவில்லை. அந்தச் சில நிமிடங்களை யாரும் தவறவிடக் கூடாது என்பது என் விருப்பம்.

தட்டில் வருவது வெறும் ஆவியில் வெந்த சிப்பி. தண்ணீர்கூட அதிகம் சேர்ப்பதில்லை. சிப்பி தன் நீரிலேயே வெந்து வாய் திறக்கிறது. ஒரு பிரிஞ்சி இலை போடுபவர்கள் உண்டு, அதுவும் கட்டாயமில்லை. திறந்து பார்த்தால் சிலவற்றில் சதை ஆரஞ்சு நிறமாகவும் சிலவற்றில் வெளிர்மஞ்சளாகவும் இருக்கும்: ஆரஞ்சு பெண், வெளிர்மஞ்சள் ஆண். காலியான ஓடு ஒன்றையே இடுக்கியாகப் பிடித்து அடுத்ததன் சதையைக் கவ்வி எடுப்பது அந்த ஊர் வழக்கம். தேங்காயும் மிளகும் போட்டு வறுத்த சிப்பியை விரும்பிச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். ஆனாலும் இங்கே மசாலாவுக்கு ஏங்க வேண்டியிருக்கவில்லை. முதலில் உப்பு, பின்னாலேயே மெல்லிய இனிப்பு, கடைசியில் கடல்பாசியின் மணம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சுவை வருகிறது. எலுமிச்சைத் துண்டும் வைக்கிறார்கள். அதைத் தொடாமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் அந்தப் புளிப்பைத் தரும் வேலை ஒயினுடையது. படகில் ஊற்றிக் கொடுப்பது எளிய இளம் வெள்ளை ஒயின். ஓரிரு மிடறு போதும். நாக்கைக் கரைக்காக மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும்.

படகிலிருந்து இறங்கியதும் லா தோஹா தீவைப் பாலம் வழியாக ஒரு சுற்று காட்டுகிறார்கள். சுவரெல்லாம் விசிறி வடிவச் சிப்பி ஓடு பதித்த சிறு தேவாலயம் அழகாக இருக்கிறது. மற்றபடி அது விடுதிகளின் தீவு. அந்த நேரத்தை காம்பாடோஸில் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். காம்பாடோஸ் போகும் வழியில், கடல் வற்றிய நேரமாக இருந்தால், சேற்று மணலில் முழங்கால் வரை காலணி அணிந்து, குனிந்து, வாரிகளால் மட்டி கிளறும் பெண்களைப் பார்க்கலாம். இந்த வேலையில் பெரும்பாலும் பெண்களே இருக்கிறார்கள். உரிமம் பெற்றுச் சங்கமாக இயங்கும் அவர்கள், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற வரம்புக்கு உட்பட்டே எடுக்கிறார்கள். அளவில் சிறியவற்றைத் திரும்ப மணலிலேயே விடுகிறார்கள்.

சல்னேஸ் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள் வந்ததும் நான் வண்டியின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டேன். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை தலைக்கு மேல் பந்தலில் படர்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சொந்த ஊர்க் காட்சியாகவே இருக்கும்; பந்தக்கால்கள் மட்டும் இங்கே கருங்கல் தூண்கள். மழையும் ஈரமும் மிகுந்த நிலம் என்பதால், கொடியைத் தரையிலிருந்து உயர்த்தினால்தான் அடியில் காற்று ஓடும், குலை அழுகாமல் தப்பும். பந்தலுக்குக் கீழே முன்பெல்லாம் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறார்கள். ரீயாஸ் பைஷாஸ் ஒயின் பகுதி முழுவதும் சேர்த்து 4,000 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான தோட்டம்தான். அது 20,000க்கும் மேற்பட்ட துண்டுகளாக, ஏறக்குறைய 5,000 குடும்பங்களிடம் பிரிந்து கிடக்கிறது. பெரிய எந்திரங்கள் இந்தப் பந்தலுக்குள் நுழைய முடியாது. செப்டம்பரில் பந்தலுக்கு அடியில் நின்று, கையை உயர்த்தி, குலை குலையாக வெட்டிச் சிறு பெட்டிகளில் அடுக்குகிறார்கள்.

திராட்சையின் பெயர் அல்பரீன்யோ. சிறிய மணி, தடித்த தோல். ஈரத்தைத் தாங்க அந்தத் தோல் உதவுகிறது. பிரெஞ்சுத் துறவிகள் கொண்டு வந்தது என்ற கதை நெடுநாள் உலவியது. மரபணு ஆய்வுகள் அதற்கு ஆதரவாக இல்லை, இது இந்த மண்ணின் கொடியே. 1953 முதல் காம்பாடோஸில் ஆகஸ்டு முதல் ஞாயிறை ஒட்டி இந்த ஒயினுக்கு விழா நடக்கிறது. 1980இல் அல்பரீன்யோ என்ற பெயரிலேயே இதற்கு அங்கீகாரம் கிடைத்தது. ஸ்பெயின் 1986இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பிறகு ஒரு ஒயின் பகுதிக்குத் திராட்சை வகையின் பெயரை வைக்க முடியாமல் போனதால், 1988இல் ரீயாஸ் பைஷாஸ் என்று நிலத்தின் பெயர் வந்தது. எனக்கு இந்த மாற்றம் சரியாகவே படுகிறது. இதே திராட்சையை வேறு நாடுகளிலும் நடுகிறார்கள். இந்தக் கழிமுகத்தை எங்கேயும் நட முடியாது.

ஒயின் கூடம் சிறியது. கருங்கல் சுவர், உள்ளே எஃகுத் தொட்டிகள். முதலில் ஊற்றியது முந்தைய அறுவடையின் ஒயின். வெளிர்மஞ்சள் நிறம், மூக்கருகே கொண்டு போனதும் பீச் பழமும் எலுமிச்சைத் தோலும் மணத்தன. வாயில் புளிப்பு கூர்மையாக நுழைந்து, விழுங்கிய பின் நாக்கின் ஓரங்களில் லேசான உப்பாக நின்றது. அடுத்தது, நொதித்து அடங்கிய ஈஸ்ட் மண்டியின் மேல் மாதக்கணக்கில் கிடந்த ஒயின். புளிப்பு அதே அளவில் இருந்தும் வாயில் கனமும் வழவழப்பும் கூடியிருந்தன. கூடவே மட்டியும், சிப்பி ஊறுகாயும் வந்தன. வெறும் மட்டிக்கு முதல் ஒயின் பொருந்தியது. எண்ணெய், வினிகர், மிளகாய்த்தூள் சேர்ந்த சிப்பி ஊறுகாய்க்கு முன்னால் அது மெலிந்துபோக, இரண்டாவது ஒயின்தான் ஈடு கொடுத்தது. ஒரே திராட்சை, ஒரே தோட்டம், சில மாதக் காத்திருப்பு மட்டுமே வித்தியாசம் என்றபோது, அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான் பேனாவை வைத்துவிட்டு மறுபடி இரண்டையும் மாற்றி மாற்றிச் சுவைத்தேன். கருங்கல் மண் அமிலத்தன்மை உடையது. சிப்பி ஓட்டைப் பொடித்து அத்தகைய நிலத்துக்குச் சுண்ணாம்புச் சத்தாக இடும் வழக்கமும் கலீசியாவில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். சிப்பியின் சதை நிறைந்திருப்பது கோடையின் கடைசியிலிருந்து இலையுதிர் காலம் வரை. வசந்தத்தில் முட்டையிட்டு மெலிந்திருக்கும். செப்டம்பரில் அறுவடை மும்முரத்தில் சிறு ஒயின் கூடங்கள் விருந்தினரை ஏற்பது கடினம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகஸ்டில் கூட்டம் அதிகம், படகில் கண்ணாடியருகே இடம் பிடிப்பதே பாடு. மது அருந்தாதவர்கள் படகையும் மட்டி கிளறும் கரையையும் மட்டும் தேர்ந்தெடுத்தாலும் நிறைவாகவே இருக்கும். ஒயின் சுவைக்கப் போகிறவர்கள் சொந்தமாக வண்டி ஓட்டாமல் வேனிலேயே போக வேண்டும். எனக்குத் தேர்வு செய்யும் உரிமை இருந்தால் அக்டோபரைச் சொல்வேன்: 1963 முதல் ஓ குரோவேயில் கடலுணவு விழா நடக்கும் மாதம் அது, கோடைக் கூட்டம் கலைந்திருக்கும், சிப்பி கொழுத்திருக்கும், புதிய திராட்சைச் சாறு தொட்டிகளில் நொதித்துக்கொண்டிருக்கும்.